பத்து வாட் வானொலி: எழுபதுகளின் அமெரிக்கக் கல்லூரி நிலையங்கள் இயங்கிய விதம்

கல்லூரி உரிமம் வாங்கியிருக்க, மாணவர்கள் நடத்தும் வானொலி நிலையம்தான் கல்லூரி வானொலி. விடுதி வராந்தாவில் ஒலிபெருக்கி கட்டிப் பாட்டுப் போடுகிற ஏற்பாடு இல்லை. நிஜமான டிரான்ஸ்மிட்டர், நிஜமான ஆன்டெனா, ஊரில் யார் வேண்டுமானாலும் திருகிக் கேட்கக்கூடிய அலைவரிசை. பேசுகிறவர், பாட்டைத் தேர்ந்தெடுக்கிறவர், செய்தி வாசிக்கிறவர், ராத்திரியில் மெஷின் மக்கர் பண்ணினால் ஸ்க்ரூடிரைவரோடு ஓடுகிறவர் எல்லாருமே பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயதுக்காரர்கள். பெரும்பாலும் சம்பளம் கிடையாது.

அமெரிக்காவில் இந்த ஏற்பாடு 1970களில் செழித்திருந்தது. அப்போது அங்கே வேலை பார்த்தவர்களுக்கு இப்போது எழுபது வயதை ஒட்டி இருக்கும். அவர்கள் பழைய நாட்களைப் பேசத் தொடங்கினால் சில சொற்கள் திரும்பத் திரும்ப வரும்: கார்ட், க்யூ, லாக், தேர்ட் போன், பத்து வாட். இவை என்னவென்று தெரியாவிட்டால் அந்த நினைவுகள் நமக்குப் பாதிதான் புரியும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை. கூடவே, எனக்கு முக்கியமாகப் படுகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த மாணவர்களுக்கு இருந்த சுதந்திரத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அந்தச் சுதந்திரத்தோடு சேர்த்து அவர்கள் தலையில் வைக்கப்பட்ட பொறுப்பைப் பற்றிப் பேச்சு குறைவு. அது இல்லாமல் இது இல்லை என்பது என் எண்ணம்.

அலைவரிசை எப்படிக் கிடைத்தது?

இதே எழுபதுகளில் நம் ஊரில் வானொலி என்றால் அரசு வானொலி மட்டும்தான். ரேடியோ பெட்டி வைத்திருப்பதற்கே தபால் நிலையத்தில் லைசென்ஸ் கட்டணம் கட்டிய காலம் அது. ஒரு கல்லூரி தனக்கென்று நிலையம் வைப்பது யோசனைக்கே வராத விஷயம். அமெரிக்காவில் மட்டும் அது எப்படி முடிந்தது?

அங்கே வானொலி அலைகளை ஒழுங்குபடுத்துவது கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம். எல்லாரும் எஃப்சிசி என்பார்கள். 1945 இல் எஃப்எம் ஒலிபரப்புக்கு இன்று நாம் கேட்கும் 88 மெகாஹெர்ட்ஸுக்கு மேலான பகுதியை அது ஒதுக்கியபோது, அதன் கீழ்ப்பகுதியை, அதாவது 88க்கும் 92க்கும் இடைப்பட்ட இடத்தை, லாப நோக்கமில்லாத கல்வி நிலையங்களுக்கென்று தனியாக எடுத்து வைத்தது. விளம்பரக் கம்பெனிகள் அங்கே நுழைய முடியாது. அந்த நாட்டில் இன்றும் ரேடியோ முள்ளை இடது ஓரத்துக்குத் தள்ளினால் கல்லூரிகளும் பொது வானொலியும் கேட்பது இந்த முடிவால்தான்.

இடம் கிடைத்தாலும் காசு வேண்டுமே. பெரிய டிரான்ஸ்மிட்டர் வாங்க எல்லாக் கல்லூரியாலும் முடியாது. அதனால் 1948 இல் எஃப்சிசி இன்னொரு கதவைத் திறந்தது. வெறும் 10 வாட் சக்தியில் ஒலிபரப்பவும் உரிமம் தரலாம் என்றது. வகுப்பு டி என்று அதற்குப் பெயர். 10 வாட் என்றால் அந்தக் காலத்து வீடுகளில் எரிந்த 40 வாட் குண்டு பல்பில் கால் பங்கு. இவ்வளவு குறைந்த சக்தியை வைத்துக்கொண்டு ஒரு ஊருக்கே பேச முடியுமா என்று கேட்கலாம். ஓரளவுக்கு முடியும். எஃப்எம் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. அதற்குச் சக்தியைவிட ஆன்டெனாவின் உயரம் முக்கியம். கல்லூரியிலேயே உயரமான கட்டடத்தின் மொட்டைமாடியில் ஆன்டெனாவை நட்டால், இடையில் மலையோ பெரிய கட்டடமோ மறைக்காதவரை, சில கிலோமீட்டர் சுற்றளவுக்குத் தெளிவாகக் கேட்கும். கல்லூரியும் அதை ஒட்டிய தெருக்களும் அதில் அடங்கிவிடும். ஆரம்பிக்க அது போதும்.

எஃப்எம் உரிமம்கூட இல்லாத நிலையங்களும் நிறைய இருந்தன. அவை மின்கம்பி வழியாக இயங்கின. ஒரு சின்ன ஏஎம் (மத்திய அலை) டிரான்ஸ்மிட்டரின் வெளியீட்டை விடுதிக் கட்டடத்தின் கரண்ட் ஒயரிங்கோடு இணைத்துவிடுவார்கள். அந்தக் கம்பிகளே ஆன்டெனா ஆகிவிடும். அறையில் ரேடியோவை வைத்துத் திருகினால் நிலையம் கேட்கும். கட்டடத்தை விட்டு வெளியே போய்க் கொஞ்ச தூரம் நடந்தால் காணாமல் போய்விடும். மின்மாற்றியை அந்த சிக்னல் தாண்டாது என்பதால் ஒவ்வொரு விடுதிக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து இழுத்துக் கட்ட வேண்டியிருந்தது. வெளியே பரவாததால் உரிமமும் தேவைப்படவில்லை. 1936 இல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஆப்ரகாம், டேவிட் போர்ஸ்ட் என்ற இரண்டு மாணவர்கள் விடுதிகளுக்கு இடையே கம்பி இழுத்து ஆரம்பித்த பரிசோதனை இது. 1940 இல் இந்த மாதிரி நிலையங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பே அமைத்துக்கொண்டன.

பெரும்பாலான நிலையங்களின் கதை இந்த வரிசையில்தான் போகும்: முதலில் விடுதிக்குள் மின்கம்பி வானொலி, அப்புறம் 10 வாட் எஃப்எம். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கேஏஎல்எக்ஸ் நல்ல உதாரணம். 1962 இல் ஒரு விடுதி அறையில் அது தொடங்கியபோது ஒலிகளைக் கலக்கும் மிக்ஸர் ஒரு சுருட்டுப் பெட்டிக்குள் கட்டப்பட்டிருந்தது. ஐந்து ஆண்டுகளில், 1967 இல், 10 வாட் எஃப்எம் உரிமம் வாங்கிவிட்டார்கள்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்க நிலையங்களுக்குப் பெயருக்குப் பதில் எழுத்துகள்தான். பொதுவாக மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே டபிள்யூவில் தொடங்கும், மேற்கே கே. ஒவ்வொரு மணிக்கும் ஒருமுறை இந்த எழுத்துகளையும், அதை ஒட்டியே உரிமம் பெற்ற ஊரின் பெயரையும் சொல்ல வேண்டும். இது சட்டம். அதிகாலை மூன்று மணிக்கு ஒருவர்கூடக் கேட்காவிட்டாலும் சொல்லியாக வேண்டும்.

அறைக்குள் என்ன இருந்தது?

கம்ப்யூட்டர் இல்லாத ஸ்டூடியோவை இன்று கற்பனை செய்வது கொஞ்சம் சிரமம். ஒரு சின்ன அறை, பெரும்பாலும் கட்டடத்தின் அடித்தளத்தில். நடுவே ஒரு மேஜை, அதன்மேல் வட்டக் குமிழ்கள் வரிசையாக இருக்கும் கன்சோல். ஒவ்வொரு குமிழும் ஒரு ஒலிக்கு: மைக்குக்கு ஒன்று, இரண்டு டர்ன்டேபிள்களுக்கு இரண்டு, டேப் மெஷினுக்கு ஒன்று. மேலே ஒரு மீட்டர். ஒலி கூடினால் அதன் முள் சிவப்புப் பக்கம் தாவும். அறிவிப்பாளருக்கு இரண்டு பக்கமும் டர்ன்டேபிள். இடதில் ஒரு ரெக்கார்டு ஓடும்போது வலதில் அடுத்ததைத் தயார் செய்ய வேண்டும். இந்தத் தயார் செய்வதற்குத்தான் க்யூ என்று பெயர்.

அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் அந்த வேலையின் கைப்பழக்கம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. கன்சோலில் அந்த டர்ன்டேபிளின் குமிழை இடது கோடி வரை திருகினால் ஒரு சொடுக்கு கேட்கும். அதற்குப் பிறகு அந்த ஒலி வெளியே ஒலிபரப்பில் போகாது. மேஜையில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் மட்டும் வரும். இப்போது ரெக்கார்டின் மேல் ஊசியை வைத்து, தட்டைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். கரகரப்பு, கரகரப்பு, சட்டென்று கிடாரின் முதல் சத்தம். அங்கே நிறுத்தி, தட்டைப் பின்னோக்கிக் கால் சுற்று திருப்பி விட வேண்டும். ஏன் கால் சுற்று? மோட்டாரைப் போட்டதும் தட்டு உடனே முழு வேகத்துக்கு வராது. பின்னால் திருப்பாமல் விட்டால் பாட்டின் முதல் சுரம் தூக்கத்திலிருந்து எழுந்த குரலில் இழுத்துக்கொண்டு வரும். ரொம்பப் பின்னால் திருப்பினால் நடுவில் மௌனம் விழும். அந்த மௌனத்துக்கு டெட் ஏர் என்று பெயர், வானொலியில் அதைவிடப் பெரிய குற்றம் இல்லை.

கை தேர்ந்தவர்கள் இன்னொரு வழி வைத்திருந்தார்கள். டர்ன்டேபிளின் மேல் கம்பளித் துணியை வட்டமாக வெட்டிப் போட்டு, அதன்மேல் ரெக்கார்டு. கீழே தட்டு முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். மேலே ரெக்கார்டை விரலால் பிடித்து நிறுத்தியிருப்பார்கள். சரியான நொடியில் விரலை எடுத்தால் பாட்டு முழு வேகத்தில் பாயும். முந்தைய பாட்டின் கடைசித் தாளத்தோடு அடுத்த பாட்டின் முதல் தாளம் பிசகாமல் ஒட்டுவது இப்படித்தான். இதில் ஒரு விலையும் உண்டு. ஊசிக்கு அடியில் ரெக்கார்டை முன்னும் பின்னும் சுற்றிச் சுற்றி, பாட்டு தொடங்கும் இடத்துப் பள்ளம் தேய்ந்துபோகும். நிலையத்து ரெக்கார்டுகளில் பாட்டின் முதல் ஓரிரு நொடி உஸ் என்று இரையும். பழைய ரெக்கார்டுக் கடையில் அப்படி ஒரு தட்டு கிடைத்தால், அது ஒரு காலத்தில் வானொலி நிலையத்தில் இருந்திருக்கக்கூடும் என்று யூகிக்கலாம்.

கார்ட் என்பது கையில் அடங்கும் பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே முனையும் முடிவும் இல்லாத வளையமாக டேப் இருக்கும். அறிவிப்புகள், நிலைய முழக்கம், நாளைய கச்சேரி பற்றிய தகவல் போன்ற சின்னச் சின்ன விஷயங்களை இதில் பதிவார்கள். பதிவின் தொடக்கத்தில், கேட்பவர் காதுக்கு வராத தனித் தடத்தில், ஒரு சமிக்ஞை ஒலி பதிவாகும். பொத்தானை அழுத்தினால் கார்ட் அந்த நொடியே பேசத் தொடங்கும். பேசி முடித்த பிறகும் டேப் ஓடி, அந்தச் சமிக்ஞை திரும்ப வந்ததும் தானாக நிற்கும். அடுத்த முறைக்கு அது தயார். பொறுமையில்லாமல் பாதியில் பிடுங்கி எடுத்துவிட்டால், அடுத்து வருகிறவர் பொத்தானை அழுத்தும்போது அறிவிப்பு பாதி வாக்கியத்திலிருந்து தொடங்கும். கார்டை முழுக்க ஓடவிட்டு எடு என்பது எல்லா நிலையத்துச் சுவரிலும் எழுதியிருக்க வேண்டிய விதி.

பேட்டியை வெட்டி ஒட்டுவதும் கைவேலைதான். டேப் நொடிக்கு 19 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பேசுகிறவர் அரை நொடி இழுத்த ஒரு ‘ம்ம்ம்’ சுமார் ஒன்பதரை சென்டிமீட்டர் நீள டேப். ஸ்பூல்களைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டி அந்த ‘ம்ம்ம்’ தொடங்கும் இடத்தைக் காதால் கண்டுபிடித்து, மெழுகுப் பென்சிலால் புள்ளி வைத்து, முடியும் இடத்திலும் வைத்து, அலுமினியக் கட்டையில் உள்ள பள்ளத்தில் டேப்பைப் படுக்க வைத்து, சவர பிளேடால் சாய்வாக வெட்டி, இரண்டு முனைகளையும் சேர்த்து ஒட்டு நாடா ஒட்ட வேண்டும். சாய்வாக வெட்டுவது எதற்கென்றால், நேராக வெட்டினால் ஒட்டிய இடத்தில் டக் என்று சத்தம் வரும். வெட்டி எறிந்த துண்டு தப்பானது என்று பிறகு தெரிந்தால் தரையில் கிடக்கும் துண்டுகளில் தேட வேண்டியதுதான். ஒரு மனிதர் எங்கே மூச்சு விடுகிறார், எங்கே தயங்குகிறார், அந்தத் தயக்கத்தை எடுத்தால் அவர் சொன்னதன் பொருள் மாறுமா என்பதையெல்லாம் இந்த வேலை கற்றுக்கொடுத்திருக்கிறது. ஒரு பொத்தானில் எல்லாம் முடிகிற இன்றைய மென்பொருள் இவ்வளவு நெருங்கிக் கேட்க வைக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

மூலையில், பெரும்பாலும் கதவு சாத்திய ஓர் அலமாரி அறைக்குள், டெலிபிரின்டர். செய்தி நிறுவனங்களிலிருந்து வரும் செய்தியை நாள் முழுக்கக் காகிதச் சுருளில் தட்டிக்கொண்டே இருக்கும். சத்தம் தாங்காது என்பதால்தான் தனி அறை. அவசரச் செய்தி வந்தால் மணி அடிக்கும். கிழித்து எடுத்து அப்படியே வாசிப்பார்கள்.

உரிமமும் ஏடும்

இனி, நான் முதலில் சொன்ன பொறுப்புக்கு வருவோம். மைக்கின் முன் உட்கார்ந்து டிரான்ஸ்மிட்டரைக் கவனித்துக்கொள்ள எழுபதுகளில் அரசின் தேர்வு எழுதித் தேற வேண்டியிருந்தது. மூன்றாம் வகுப்பு ரேடியோ டெலிபோன் இயக்குநர் அனுமதி, அதோடு ஒலிபரப்புக்கான கூடுதல் ஒப்புதல். இதைத்தான் பேச்சுவழக்கில் தேர்ட் போன் என்றார்கள். எஃப்சிசி அலுவலகத்துக்கோ தேர்வு நடக்கும் ஊருக்கோ போய், வானொலிச் சட்டம், இயக்கும் முறை, மீட்டர் படிப்பது பற்றிய கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். தேறியவரின் அனுமதிச் சீட்டை நிலையத்தில் மாட்டி வைக்க வேண்டும். இலக்கியம் படிக்கிறவரும் வரலாறு படிக்கிறவரும் பாட்டுப் போடும் ஆசையில் மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் படித்துத் தேறினார்கள். 1980ஐ ஒட்டி இந்தத் தேர்வு கைவிடப்பட்டது.

அப்புறம் லாக். அதாவது ஏடு. என்ன நிகழ்ச்சி எத்தனை மணிக்குத் தொடங்கியது, எப்போது முடிந்தது, நிலையத்தின் பெயர் எப்போது சொல்லப்பட்டது என்பதற்கு ஒன்று. டிரான்ஸ்மிட்டரின் மீட்டர்கள் என்ன காட்டின என்பதற்கு இன்னொன்று. குறித்த இடைவெளியில் போய் மின்னழுத்தமும் மின்னோட்டமும் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உரிமத்தில் சொன்ன சக்தியில் 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கவும் கூடாது, 105 சதவீதத்துக்கு மேலே ஏறவும் கூடாது. 10 வாட் நிலையங்களுக்குக் கண்டிப்பு கொஞ்சம் தளர்வு, பெரியவற்றுக்கு அதிகம். ஆனாலும் பத்தொன்பது வயதில் ஓர் அரசாங்க ஆவணத்தில், இந்த நேரத்தில் இது நடந்தது, நான் பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்திடுவது சாதாரண விஷயமா? கல்லூரி வகுப்பறை அப்படி ஒரு பொறுப்பை யாருக்கும் கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

இதில் இன்னொரு கடமை, போர்க்கால அறிவிப்பு ஏற்பாடு. அணுகுண்டுப் பயம் இருந்த காலம். நாட்டுக்கு ஆபத்து என்றால் எல்லா நிலையங்களும் நிகழ்ச்சியை நிறுத்தி அரசுச் செய்தியை ஒலிபரப்ப வேண்டும். டெலிபிரின்டரில் கட்டளை வரும். அது உண்மையா என்று சரிபார்க்க ஒரு ரகசியச் சொல், மூடிய உறையில் இருக்கும். 1971 பிப்ரவரி 20, சனிக்கிழமை காலை, வாராந்திரச் சோதனைக்கான டேப்புக்குப் பதில் உண்மையான அபாய அறிவிப்பின் டேப்பை, கட்டளையை அனுப்பும் அரசு மையத்தின் ஓர் ஊழியர் தவறுதலாகப் போட்டுவிட்டார். சரியான ரகசியச் சொல்லோடு கட்டளை நாடு முழுக்க டெலிபிரின்டர்களில் தட்டச்சாகி வந்தது. சரியான முறையில் அதை ரத்து செய்ய ஏறக்குறைய நாற்பது நிமிடம் ஆயிற்று. சில நிலையங்கள் நிகழ்ச்சியை நிறுத்தி அறிவித்தன. பல நிலையங்கள் ஏதோ தவறு என்று ஊகித்து விட்டுவிட்டன. சனிக்கிழமை காலையில் தனியாக ஷிஃப்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவர் கையில் அந்தக் காகிதம் வந்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

என்ன ஒலிபரப்பினார்கள்?

கிட்டத்தட்ட எல்லாமும். அதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரே முதலாளியின் ஏஎம் நிலையமும் எஃப்எம் நிலையமும் முழுக்க ஒரே நிகழ்ச்சியை ஒலிபரப்பக் கூடாது என்று அறுபதுகளின் நடுவில் எஃப்சிசி விதி போட்டது. திடீரென்று எஃப்எம்மில் நிரப்ப நேரம் நிறைய இருந்தது, ஆனால் அதில் போட எதுவும் இல்லை. அந்த இடைவெளியில் வணிக எஃப்எம் நிலையங்கள் சில, அறிவிப்பாளர் விருப்பப்படி எதையும் போடலாம் என்று விட்டன. சான்பிரான்சிஸ்கோவில் 1967 இல் டாம் டோனஹ்யூ என்ற அறிவிப்பாளர் கேஎம்பிஎக்ஸ் நிலையத்தில் ஆரம்பித்தது இதற்குப் பேர்போனது. ஆனால் அந்த நிலையங்களில் விளம்பர வருமானம் வரத் தொடங்கியதும், எழுபதுகளின் நடுவில், பாட்டுப் பட்டியல்கள் திரும்ப வந்துவிட்டன. யாருக்கும் லாபக் கணக்குக் காட்ட வேண்டாத கல்லூரி நிலையங்களில்தான் அந்தச் சுதந்திரம் தங்கியது.

அதனால் ஒரே நாளில் காலையில் மேற்கத்திய செவ்வியல் இசை, மதியம் நாட்டுப்புறப் பாட்டு, மாலையில் ஜாஸ், ராத்திரியில் வேறு யாரும் தொடாத ராக் என்று போகும். ரெக்கார்டு கம்பெனிகள் புதிய ரெக்கார்டுகளை இலவசமாக அனுப்பின. மாணவர்கள் கேட்டுவிட்டு, உறையில் ஒட்டிய வெள்ளைத் தாளில், இரண்டாவது பக்கம் மூன்றாவது பாட்டைக் கேள், கடைசிப் பாட்டில் கெட்ட வார்த்தை உண்டு, ஜாக்கிரதை என்று எழுதி வைப்பார்கள். அடுத்தவர் அதற்குக் கீழே மறுத்து எழுதுவார். பல நிலைய நூலகங்களில் இன்றும் இந்த உறைகள் இருக்கின்றன. எனக்கு அவை அந்தக் காலத்தின் அருமையான இசை விமர்சன ஏடுகள்.

ஹார்வர்டின் டபிள்யூஎச்ஆர்பி தேர்வுக்காலத்தில் ஒரே இசையமைப்பாளரின் படைப்புகளை மணிக்கணக்காக, சில சமயம் நாள்கணக்காக, தொடர்ந்து ஒலிபரப்பும். 1943 இல் ஒரு மாணவர் தேர்வு முடிந்த களைப்பில் பீத்தோவனின் ஒன்பது சிம்பொனிகளையும் வரிசையாகப் போட்டதில் தொடங்கிய வழக்கம் அது என்பது அந்த நிலையம் சொல்லும் வரலாறு. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டபிள்யூகேசிஆரில் 1970 இல் மாணவராக ஜாஸ் நிகழ்ச்சி செய்யத் தொடங்கிய ஃபில் ஷாப், 2021 இல் இறக்கும்வரை ஐம்பது ஆண்டுகள் அந்த நிலையத்தோடு இருந்தார். ஒரு பாட்டு எந்த நாளில், எந்த ஸ்டூடியோவில், யார் யார் வாசித்துப் பதிவானது என்று அவர் விளக்கிக்கொண்டே போவதைக் கேட்க ஒரு கூட்டம் இருந்தது. எழுபதுகளின் பிற்பகுதியில் பங்க் ராக் வந்தபோது அதற்கு முதலில் கதவு திறந்த இடங்களில் கல்லூரி நிலையங்களும் உண்டு. 1978க்குள் இந்த நிலையங்களில் என்ன ஒலிக்கிறது என்பதைத் திரட்டி வெளியிடத் தனிப் பத்திரிகையே வந்துவிட்டது.

இசை மட்டுமில்லை. 1968 ஏப்ரலில் கொலம்பியா மாணவர்கள் வியட்நாம் போரை எதிர்த்தும் நிர்வாகத்தை எதிர்த்தும் கட்டடங்களைக் கைப்பற்றியபோது, டபிள்யூகேசிஆர் மாணவர்கள்தான் வளாகத்துக்குள் இருந்து நேரடியாகச் சொன்னார்கள். 1970 மே 4 அன்று ஓஹையோவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல்படை சுட்டு நான்கு மாணவர்கள் இறந்த பிறகு நாடெங்கும் கல்லூரிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. பக்கத்துக் கல்லூரியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள விடுதி ரேடியோவைத்தான் திருகினார்கள்.

கண்டிப்பு வந்தபோது

1971 மார்ச்சில் எஃப்சிசி ஒரு அறிவிப்பு விட்டது. போதைப் பழக்கத்தை ஆதரிக்கும் பாட்டு வரிகள் பற்றிப் புகார்கள் வருகின்றன. தன் நிலையத்தில் ஒலிக்கும் பாட்டில் என்ன சொல்லப்படுகிறது என்பது உரிமம் பெற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றது. தடை என்று நேரடியாகச் சொல்லவில்லை. ஆனால் உரிமத்தைப் புதுப்பிக்கிறவர்களே இப்படிச் சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று எல்லாருக்கும் புரிந்தது. வழக்குப் போட்டவர்கள் யார் தெரியுமா? யேல் பல்கலைக்கழக மாணவர்கள் நடத்திய யேல் ஒலிபரப்புக் கம்பெனி. இது பேச்சுரிமைக்கு விரோதம் என்றார்கள். 1973 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. எடுத்திருக்க வேண்டும் என்று நீதிபதி வில்லியம் டக்ளஸ் மறுப்பு எழுதினார். தோற்ற வழக்குதான். ஆனாலும் பெரிய வணிக நிலையங்கள் இருக்க, ஒரு மாணவர் நிலையத்தின் பெயரில் அந்த வழக்கு நிற்பதை நான் பெருமைக்குரியதாகவே நினைக்கிறேன்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் டபிள்யூஎக்ஸ்பிஎன்னுக்கு நேர்ந்தது வேறு மாதிரி. தொலைபேசியில் நேயர்கள் பேசும் நிகழ்ச்சியொன்றில் ஆபாசப் பேச்சு போனதற்காக 1975 இல் 2,000 டாலர் அபராதம். அதற்குப் பின் உரிமத்தைப் புதுப்பிக்கவே எஃப்சிசி மறுத்தது. நிலையத்தை மாணவர்களிடம் விட்டுவிட்டுப் பல்கலைக்கழகம் கண்டுகொள்ளாமல் இருந்தது என்பதுதான் முக்கியமான குற்றச்சாட்டு. பல்கலைக்கழகம் புதிதாக விண்ணப்பித்து நிலையத்தை மீட்டது. ஆனால் இந்தச் செய்தி மற்ற கல்லூரி நிர்வாகங்களின் காதிலும் விழுந்திருக்கும். மாணவர்களை நம்பி விடுவதன் எல்லை எது என்று அவர்கள் யோசிக்க வேண்டியிருந்தது.

இன்னொரு பக்கத்திலிருந்தும் நெருக்கடி. 1967 இல் பொது ஒலிபரப்புச் சட்டம் வந்து, 1970 இல் தேசியப் பொது வானொலி அமைந்தது. அரசு மானியம் பெற வேண்டுமானால் சம்பளம் வாங்கும் முழுநேர ஊழியர்கள் வேண்டும், போதிய சக்தியும் ஒலிபரப்பு நேரமும் வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் அந்தப் பாதையைத் தேர்ந்தெடுத்து, மாணவர்களை மெல்ல ஓரங்கட்டிவிட்டுத் தொழில்முறை நிலையமாக மாறின. நல்ல நிகழ்ச்சிகள் வந்தன என்பதை மறுக்கவில்லை. கற்றுக்கொள்ளும் இடம் ஒன்று போய்விட்டது என்பதும் உண்மை. கடைசியில் 1978 இல், இனிப் புதிதாக 10 வாட் உரிமம் கிடையாது என்று எஃப்சிசி நிறுத்திவிட்டது. ஏற்கெனவே இருப்பவை 100 வாட்டுக்காவது உயர வேண்டும். இல்லாவிட்டால் பெரிய நிலையம் அந்த இடத்தைக் கேட்டால் விட்டுக்கொடுக்க வேண்டும். காசு திரட்ட முடிந்தவை உயர்ந்தன. முடியாதவற்றில் பல மறைந்தன.

காசு திரட்டிய விதத்தில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். எம்ஐடியின், அதாவது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின், மாணவர் நிலையத்துக்கு டபிள்யூடிபிஎஸ் என்று பெயர். அட்லாண்டாவில் தொலைக்காட்சி நடத்திய டெட் டர்னருக்கு, தன் கம்பெனியின் முதலெழுத்துகள் அப்படியே அமைந்த அந்தப் பெயர் வேண்டியிருந்தது. நிலைய எழுத்துகளை விலைக்கு விற்க முடியாது. அதனால் அவர் 50,000 டாலர் நன்கொடையாகக் கொடுத்தார், மாணவர்கள் பெயரை விட்டுக்கொடுத்தார்கள். 1979 இல் அவர்கள் டபிள்யூஎம்பிஆர் ஆனார்கள். நிலையம் இருக்கும் வாக்கர் மெமோரியல் கட்டடத்தின் அடித்தளத்தைக் குறிக்கும் எழுத்துகள் அவை. அந்தப் பணம் புதிய டிரான்ஸ்மிட்டருக்குப் போனது.

நம் பக்கம் இது வந்து சேர வெகுகாலம் பிடித்தது. அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று 1995 இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, 2002 டிசம்பரில்தான் கல்வி நிறுவனங்கள் வானொலி நடத்தலாம் என்று மத்திய அரசு விதி வகுத்தது. 2004 பிப்ரவரி 1 அன்று சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் 90.4 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கத் தொடங்கியது. இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி அதுதான். இங்கே சொந்தமாகச் செய்தி சேகரித்து ஒலிபரப்ப அனுமதி தரப்படவில்லை. 1968 இல் கொலம்பியா மாணவர்கள் செய்ததை நம் மாணவர்கள் செய்ய வழியில்லை. இந்தத் தடை நீங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேட்டுப் பார்க்க ஆசை வந்தால், டபிள்யூகேசிஆர், டபிள்யூஎம்பிஆர், டபிள்யூஎச்ஆர்பி, கேஏஎல்எக்ஸ் எல்லாமே இன்று இணையத்தில் நேரடியாக ஒலிக்கின்றன. நியூயார்க்கில் நள்ளிரவு பன்னிரண்டு என்றால் நமக்குக் குளிர்காலத்தில் காலை பத்தரை, கோடையில் ஒன்பதரை. எழுபதுகளில் புதிதாகச் சேர்ந்த மாணவருக்கு முதலில் கொடுத்த ஷிஃப்ட் அந்த நேரம்தான். யாரும் வாங்காத நேரம் என்பதால் மனதில் பட்டதைப் போடலாம். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.